உத்தரவு வந்தது, சம்பளம் வரவில்லை

லேபர் ஆபீசுக்குச் சம்பள பாக்கி கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலையை விட்டவர்கள், அல்லது விடவைக்கப்பட்டவர்கள். வேலையில் இருந்துகொண்டே முதலாளிமேல் மனுப் போடுகிறவர் அரிது. போட்டால் அடுத்த வாரம் அவரும் வெளியே நிற்பார். சம்பளத்தைக் காக்கும் சட்டங்கள் ஏட்டில் எல்லாத் தொழிலாளருக்கும் உரியவைதாம். நடைமுறையில் அவை முன்னாள் தொழிலாளரின் சட்டங்களாகவே இருக்கின்றன. கேட்பவருக்கு அடுத்த மாத வாடகை நெருக்குகிறது. கொடுக்க வேண்டியவருக்கோ தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் வட்டியில்லாக் கடன். இந்த ஏற்றத்தாழ்வை விட்டுவிட்டுச் சட்டப் பிரிவுகளை மட்டும் படித்தால் இந்தியத் தொழிலாளியைப் போலப் பாதுகாப்பு உள்ளவர் உலகத்திலேயே இல்லை என்று தோன்றிவிடும்.

என் வாதம் இதுதான்: எவ்வளவு பாக்கி என்று கணக்கிடுவதில் நம் சட்டம் தாராளமானது, அதை வாங்கித் தருவதில் பரம ஏழை. தமிழ்நாட்டின் அனுபவத்தை வைத்தே இதைப் பார்க்கலாம்.

பாக்கி என்றதும் கடைசி மாதச் சம்பளம்தான் நினைவுக்கு வருகிறது. பெரிய தொகை பெரும்பாலும் வேறு இடங்களில் ஒளிந்திருக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்த ஓ.டி.க்கு இரட்டிப்புக்குப் பதில் ஒற்றைக் கூலி கொடுத்திருப்பார்கள். அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கையில் கொடுத்ததற்கும் மாதந்தோறும் ஒரு வித்தியாசம் இருக்கும். சம்பளத்தில் பிடித்த பிஎஃப் பணம் கணக்கில் ஏறியிருக்காது. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கைவிடப்படுவது விடுமுறைச் சம்பளம். ‘ஈ.எல். காசு’ என்று ஒன்று இருப்பதே பலருக்கு மில்லை விட்டு வந்த பிறகு, சங்கத்துக்காரர் யாராவது சொல்லித்தான் தெரிகிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதை வெகு தெளிவாகவே வகுத்திருந்தது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த ஆண்டில் ஒவ்வொரு 20 நாள் உழைப்புக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. எடுக்காத விடுப்பை 30 நாள் வரை சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டின் நடுவிலேயே வேலையை விட்டாலும், நீக்கப்பட்டாலும், அதுவரை சேர்ந்த விடுப்புக்குப் பணம் தர வேண்டும். 240 நாள் நிறையவில்லை என்பது சாக்கு ஆகாது. தொழிலாளி இறந்துவிட்டால் அந்தப் பணம் வாரிசுக்குப் போகும். நாளுக்கு 500 ரூபாய் வாங்கும் ஒருவர் ஆண்டுக்கு 300 நாள் வேலை பார்த்தால் 15 நாள் விடுப்பு, அதாவது 7,500 ரூபாய். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் இது உண்டு. முந்தைய மாதச் சராசரி வருமானத்தை எடுத்துக் கணக்கிட வேண்டும். ‘பீஸ் ரேட்டுக்கு லீவுச் சம்பளம் ஏது?’ என்று பனியன் கம்பெனிகளில் சொல்வது வழக்கம்தானே தவிர, சட்டம் இல்லை.

இதோடு தமிழ்நாட்டுக்கென்று தனியாக 1958இல் வந்த ஒரு சட்டமும் உண்டு. தொழில் நிறுவனங்களுக்கான அந்தத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கும், கூடுதலாக ஐந்து பண்டிகை நாள்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் மாற்று விடுமுறையும். தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடியிருக்கும். ஊருக்குப் போய் வருகிறவர் அந்த வாரத்துக்குக் கூலி இல்லை என்பதை இயற்கை நியதிபோல ஏற்றுக்கொள்கிறார். அந்த வாரத்தில் ஒரு நாளாவது சட்டப்படி அவருக்குக் காசு.

சம்பளத்தை நிறுத்திவைக்க முதலாளிகள் சொல்லும் காரணங்கள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். ‘சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டே, கணக்குக் கிடையாது’ என்பது முதலாவது. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் இதை நேரடியாகவே யோசித்திருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ கூட்டாகச் சேர்ந்து, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராதபோதுதான், அதிகபட்சம் எட்டு நாள் கூலியைப் பிடிக்க அது இடம் கொடுத்தது. அதுவும் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டும். தனியாள் ஒருவர் திடீரென்று நின்றதற்காக அவர் உழைத்த மாதம் முழுவதையும் விழுங்க எந்தப் பிரிவும் இல்லை. இரண்டாவது காரணம் ‘சரக்கு ரிஜெக்ட் ஆகிவிட்டது’. தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பைப் பிடிக்கலாம். அவரிடம் விளக்கம் கேட்ட பிறகு, இழப்பின் அளவுக்கு மட்டும். மூன்றாவது, ‘பார்ட்டியிடமிருந்து பணம் வரவில்லை’. இதைச் சட்டம் ஒரு காரணமாகவே மதிப்பதில்லை.

தமிழ்நாடு இந்தத் துறைக்கு அளித்த தனிப் பங்களிப்பு சுமங்கலித் திட்டம். திண்டுக்கல், கோவை, ஈரோடு வட்டார நூற்பாலைகள் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகளை அழைத்துவந்து விடுதியில் தங்கவைத்தன. மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்பது வாக்கு. அந்தத் தொகை நன்கொடையன்று, மாதாமாதம் குறைத்துக் கொடுத்த கூலியின் சேமிப்பு. உடம்பு முடியாமல் இரண்டரை ஆண்டில் வீடு திரும்பிய பெண்ணுக்கு அது கிடைக்காமல் போனது. ஊதியக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு சொன்னது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சம்பளம் என்ற ஏற்பாடே சட்ட விரோதம் என்று முடிவு கட்ட அந்த ஒரு பிரிவு போதுமாயிருந்தது. ஆனாலும் அந்தத் திட்டம் ஆண்டுக்கணக்கில், சுவரொட்டி ஒட்டி, பகிரங்கமாக நடந்தது.

இனி, கேட்கப் போகும் இடங்கள். அண்மைக் காலம் வரை மூன்று வாசல்கள் இருந்தன. தாமதமான அல்லது பிடித்தம் செய்த சம்பளத்துக்கு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் கீழ் அதிகாரி. 12 மாதத்துக்குள் போக வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்தில் குறைவு என்றால் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் வேறோர் அதிகாரி. ஆறு மாதம்தான் கெடு. பிடித்தம் செய்த தொகைக்கும் குறைந்தபட்ச ஊதியக் குறைவுக்கும் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம் என்று இருந்தது. மூன்றாவது வாசல் தொழில் தகராறுகள் சட்டத்தின் 33-சி(2). லேபர் கோர்ட்டில், வர வேண்டிய பணத்தைக் கணக்கிட்டுத் தரும்படி கேட்கும் மனு அது. அதற்குக் காலவரம்பு இல்லை என்று பாம்பே கேஸ் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டதால், பழைய பாக்கிக்காரர்களுக்கெல்லாம் அதுவே புகலிடம்.

ஆனால் அந்த வாசலில் ஒரு நிலைப்படி உண்டு, தலையில் இடிப்பது. உரிமை ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டதாகவோ தீர்ப்பானதாகவோ இருந்தால்தான் லேபர் கோர்ட் கணக்குப் போடும். டெல்லி மாநகராட்சிக்கும் கணேஷ் ரசாக்குக்கும் இடையிலான வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. நியாயமான கோட்பாடுதான். அதன் விளைவைப் பாருங்கள்: முதலாளி வந்து ‘இவர் என் ஆள் இல்லை, கான்ட்ராக்டரின் ஆள்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். முதலில் உரிமைக்கு ஒரு வழக்கு, பிறகு கணக்குக்கு ஒன்று, அதற்கும் பிறகு வசூலுக்கு அலைச்சல். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி கான்ட்ராக்டர் கொடுக்காத கூலியை முதன்மை வேலையளிப்பவரே கொடுத்தாக வேண்டும் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைவூட்டுவதில்லை. கான்ட்ராக்டர் காணாமல் போனால் கம்பெனியின் பெயரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதுதான் முதல் வேலை. மனு எழுதிக்கொடுப்பவர்கள் இதில் தவறுவதால் வீணாகும் வழக்குகள் உண்டு.

சாட்சியத்தின் கதை தனி. வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் முதலாளி கையில். தொழிலாளியிடம் இருப்பது நினைவு மட்டும். ஆர்.எம். யெல்லட்டி வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் 240 நாள் வேலை பார்த்ததை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையதே என்றது. அதே தீர்ப்பில், அவர் கூண்டேறிச் சாட்சி சொல்லி, பதிவேடுகளை வரவழைக்கக் கேட்கலாம் என்றும், நிர்வாகம் அவற்றைக் கொண்டுவராதபோது அதற்கு எதிரான ஊகத்துக்கு நீதிமன்றம் வரக்கூடும் என்றும் வழிகாட்டியது. பதிவேட்டைக் கேட்டு மனுப் போடுவது சடங்கு இல்லை. வழக்கின் உயிரே அங்கேதான். இப்போது வேறு சாட்சிகளும் வந்திருக்கின்றன. பிஎஃப் பாஸ்புக்கில் எந்த மாதம் எவ்வளவு சம்பளம் காட்டினார்கள் என்று பதிவாகியிருக்கும். வங்கிக் கணக்கில் வாரந்தோறும் விழுந்த தொகை, சூப்பர்வைசர் அனுப்பிய ‘நாளைக்கு நைட்டு வா’ என்ற வாட்ஸ்அப், இஎஸ்ஐ சந்தாக் கணக்கு எல்லாம் சேர்ந்தால் பே ஸ்லிப் இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்டும். பண்டில் எண்ணி எழுதிய நோட்டை வீட்டில் வைத்திருக்கும் டெய்லர்கள் இருக்கிறார்கள். அவர்களே இந்த வழக்குகளில் பலமானவர்கள்.

இவ்வளவும் தாண்டி உத்தரவு வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. லேபர் கோர்ட் கணக்கிட்ட தொகையை முதலாளி தரவில்லையென்றால் அரசுக்கு மனுப் போட வேண்டும். அரசு வசூல் சான்றிதழை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும். நில வரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிக்க வேண்டும். அதற்கான சட்டம் 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம், சென்னை மாகாண ஜமாபந்திக் காலத்துச் சரக்கு. கோப்பு ஆட்சியரிடமிருந்து தாசில்தாருக்கு இறங்கும். தாசில்தாருக்குப் பட்டா, வெள்ளம், தேர்தல் என்று ஆயிரம் வேலை. யாரோ ஒரு தையல்காரரின் 86,000 ரூபாய்க்காக அவர் ஜப்தி நோட்டீஸ் ஒட்டப் போகும் நாளில் கட்டடம் வாடகை என்றும், மெஷின்கள் வங்கியில் அடமானம் என்றும் தெரியவரும். முதலாளி பக்கத்துத் தெருவில், மனைவி பெயரில், வேறு போர்டு மாட்டித் தொழில் நடத்திக்கொண்டிருப்பார்.

இதே முதலாளி பிஎஃப் பாக்கி வைத்தால் நடப்பது வேறு. வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தில் 1988இல் கொண்டுவந்த திருத்தத்தால் அந்த அமைப்புக்கென்றே வசூல் அதிகாரி இருக்கிறார். வங்கிக் கணக்கை நேரடியாக முடக்குவார். அந்த முதலாளிக்குப் பணம் தர வேண்டிய மூன்றாம் நபருக்கு ‘அதை என்னிடம் கட்டு’ என்று உத்தரவிடுவார். இந்த இரண்டாவது அதிகாரத்தின் அருமை திருப்பூரை அறிந்தவர்களுக்குப் புரியும். அங்கே ஜாப் ஒர்க் செய்யும் பவர்டேபிள் யூனிட் ஒன்றின் மெய்யான சொத்து, எக்ஸ்போர்ட் கம்பெனி தர வேண்டிய பில் பணம். அதைப் பிடிக்கத் தெரிந்தவரே பாக்கியை வசூலிக்க முடியும். போதாததற்கு, பிஎஃப் பாக்கிக்கு நிறுவனச் சொத்தின்மேல் முதல் உரிமை. அடமானம் வாங்கிய வங்கிக்கும் முன்னால் அது நிற்கும் என்று மகாராஷ்டிரா மாநிலக் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது.

பிஎஃப் என்பதே சம்பளத்தில் ஒரு துண்டு. அந்தத் துண்டுக்கு முதல் உரிமை, தனி அதிகாரி, கணக்கு முடக்கம்; முழுச் சம்பளத்துக்கோ தாசில்தார் வரிசை. இந்த முரணுக்கு எனக்குத் தெரிந்து ஒரே விளக்கம்தான்: பிஎஃப் பாக்கி என்றால் கடன் பட்டவர் ஓர் அரசு அமைப்புக்கு எதிரே நிற்கிறார், சம்பள பாக்கி என்றால் ஒரு தனி ஆளுக்கு எதிரே. சம்பளத்துக்குப் பல்லே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஏ பிரிவில், முதலாளி ஏய்த்துவிடுவார் என்று தோன்றினால் தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்க அதிகாரிக்கு அனுமதி இருந்தது. முதலாளி மேல்முறையீடு செய்வதானால் தொகையைக் கட்டிவிட்டுத்தான் வர வேண்டும் என்ற விதியும் இருந்தது. பின்னதால் பலர் பயன் பெற்றார்கள். முன்னதைப் பயன்படுத்தியதாகக் கேள்விப்படுவது அபூர்வம்.

கம்பெனி திவாலானால் வரிசை மாறுகிறது. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, கலைப்பு நடைமுறைச் செலவுகளுக்குப் பிறகு, தொழிலாளரின் கடைசி 24 மாதப் பாக்கி பிணையக் கடன்காரர்களுக்குச் சமமான இடத்தில் நிற்கும். மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி அதற்கும் கீழே. பிஎஃபும் பணிக்கொடை நிதியும் பங்குக்கே வராமல் தனியாக ஒதுக்கப்பட வேண்டியவை. சங்கமே தொழிலாளர் சார்பில் திவால் மனுப் போடலாம் என்று கான்பூர் ஜே.கே. ஜூட் மில் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது நல்ல செய்தி. மறு ஆண்டே குறைந்தபட்சக் கடன் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்ந்தது. ஆளுக்கு ஒரு லட்சம் பாக்கி என்றால் நூறு பேர் சேர்ந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். சின்ன யூனிட்காரர்களுக்கு அது இல்லாத கதவு.

தனி ஆளாகப் போவதைவிடக் கூட்டமாகப் போவது வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். இரண்டும் ஆயத்த ஆடைத் துறை. தமிழ்நாட்டுத் தையல் தொழிலாளருக்கு 2004க்குப் பிறகு 2014இல்தான் குறைந்தபட்ச ஊதியம் திருத்தி அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. 2016 ஜூலையில் அவற்றின் மனுக்கள் தள்ளுபடியாயின. 2014 டிசம்பரிலிருந்து வித்தியாசத் தொகை கேட்கும் உரிமை தொழிலாளருக்கு வந்தது. ஆனால் அதற்குள் வேலை மாறிப் போனவர்களின் அரியர்ஸை யார் தேடிக் கொடுப்பது? சங்கங்கள் பெயர் பெயராகக் கணக்கெடுத்து மனுப் போட வேண்டியிருந்தது. வெற்றியின் பெரும்பகுதி அந்தத் தேடலிலேயே கரைந்தது.

எல்லை தாண்டி, கர்நாடகத்தில் 2020 ஏப்ரலில் ஏற வேண்டிய பஞ்சப்படி மாதம் 417 ரூபாய் 60 காசு. அரசே அதை ஒத்திவைத்தது. உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன பின்னும் ஆடை ஆலைகள் கொடுக்கவில்லை. ஏறத்தாழ நான்கு லட்சம் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், மாதந்தோறும் அந்தத் தொகையை இழந்தார்கள். 2022 தொடக்கத்தில் பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் நிலுவையோடு கொடுக்கத் தொடங்கியதற்குத் தாசில்தார் காரணமில்லை. உள்ளூர்ச் சங்கங்களும் அமெரிக்காவிலிருந்து இயங்கும் தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பும் அந்த ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளை நெருக்கின. பிராண்டுகள் ஆலைகளை நெருக்கின. பில் பணம் வரும் பக்கத்திலிருந்து பிடித்தார்கள் என்பதே இதன் சூட்சுமம். வேலை போனவர்களுக்கு மட்டுமின்றி, வேலையில் இருந்தவர்களுக்கும் பணம் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அரசு எப்படிப்பட்ட முதலாளி? அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஓய்வுபெற்ற ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பணிக்கொடைக்கும் விடுப்புச் சம்பளத்துக்கும் மாதக்கணக்கில் காத்திருந்து தெருவில் உட்கார்ந்தது ஊரறிந்தது. 2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலைக் கூலி ஒன்றிய அரசிடமிருந்து வராமல் கிராமங்கள் தவித்தன. அந்தத் திட்டத்தில் தாமதத்துக்கு இழப்பீடு உண்டு: நாளொன்றுக்கு 0.05 சதவீதம். 300 ரூபாய்க் கூலிக்கு ஒரு நாள் தாமதம் 15 காசு. தனியார் முதலாளிக்குப் பத்து மடங்கு வரை இழப்பீடு எழுதிய நாடாளுமன்றம், தனக்கென்று எழுதிக்கொண்ட விகிதம் இது.

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து பழைய ஊதியச் சட்டங்களின் இடத்தைப் பிடித்துவிட்டது. நல்லது இருக்கிறது. கோரிக்கைக்குக் கெடு மூன்று ஆண்டு. சம்பள உச்சவரம்பு பார்க்காமல் எல்லா ஊழியருக்கும் பொருந்தும். வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்; பழைய சட்டத்தில் இது நீக்கப்பட்டவருக்கு மட்டுமே இருந்தது. பாக்கி இல்லை என்று நிரூபிக்கும் சுமை முதலாளியின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. இது பெரிய மாற்றம். உடன் வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, ஆண்டு விடுப்புக்கான தகுதியை 240 நாளிலிருந்து 180 நாளாகக் குறைத்து, எடுக்காத விடுப்பை ஆண்டு முடிவில் பணமாகக் கேட்கவும் வழிசெய்கிறது. ஆய்வாளர் ‘ஆய்வாளர் மற்றும் வசதியாளர்’ ஆனதும், முதல் தவறுக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுத்த பிறகே வழக்கு என்பதும் மறுபக்கம். கொடுக்காமல் இருந்து பார்ப்பதில் நட்டமில்லை என்று கணக்குப் போடும் முதலாளிக்கு அது தெம்பு.

வசூல்? மூன்று மாதத்துக்குள் தீர்க்க முயல வேண்டிய அதிகாரி, பணம் வராவிட்டால் ஆட்சியருக்கு வசூல் சான்றிதழ் அனுப்புவார். ஆட்சியர் நில வரி பாக்கி போல வசூலிப்பார். பழைய சட்டங்களைப் புதுப்பித்தவர்கள் இந்தத் தாசில்தார் வரிசையைத் தொடவே இல்லை.

தொட்ட நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனில் முதலாளி திவாலானால் தேசியக் காப்பீட்டு நிதியிலிருந்து எட்டு வாரச் சம்பள பாக்கியும் ஆறு வார விடுமுறைச் சம்பளமும், ஒரு வார உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசே கொடுத்துவிடுகிறது. ஜெர்மனியில் மூன்று மாதச் சம்பளம். பிறகு அரசு அந்தக் கடனைத் தன் பெயரில் முதலாளியிடம் வசூலித்துக்கொள்கிறது. தொழிலாளி வரிசையில் நிற்பதில்லை, நிற்பது அரசு.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு நிதிக்கு முழுதும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டின் தொழிலாளர் நல நிதிச் சட்டப்படி தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் ஆண்டுதோறும் சந்தா கட்டும் நிதி ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகும் தொழிலாளிக்குப் பட்டுவாடா ஆகாத சம்பளத்தை நிறுவனங்கள் அதில் கட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆக, யாருக்கோ கொடுக்காமல் விட்ட கூலியும் அந்த நிதியில் ஒரு பகுதி. இப்போது அது படிப்பு உதவிக்கும் தையல் பயிற்சிக்கும் பிற நலத்திட்டங்களுக்கும் போகிறது. அதில் ஒரு பங்கை ஒதுக்கி, உத்தரவு வாங்கி ஆறு மாதமாகியும் பணம் வராதவர்களுக்கு முதல் இரண்டு மாதச் சம்பளத்தையும் விடுப்புப் பணத்தையும் கொடுத்துவிட்டு, வசூலிக்கும் பொறுப்பை பிஎஃப் மாதிரி ஓர் அதிகாரியிடம் விடலாம். சந்தா ஆளுக்குச் சில பத்து ரூபாய்தான் என்பதால் தொகை போதாது என்பார்கள். முதலாளி பங்கை உயர்த்த வேண்டிவரும், அதற்கு எதிர்ப்பும் வரும். சரியாகக் கொடுப்பவர் ஏமாற்றுபவருக்காக ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் கொடுக்காத போட்டியாளரால் விலையில் அடிபடுகிறவரும் அதே ஒழுங்கான முதலாளிதான். அவரை இந்தப் பேச்சுக்கு இதுவரை யாரும் அழைக்கவில்லை.